பீருக்கு வாங்கிய மால்ட் மூட்டையை ஓராண்டு கெடாமல் வைப்பது எப்படி

நெல்லும் அரிசியும் வைத்துப் பழகிய கை மால்ட் மூட்டையைக் கெடுத்துவிடும். சாக்கிலேயே வைப்பது, காற்றோட்டம் விடுவது, அவ்வப்போது வெயிலில் கொட்டுவது, வேப்பிலை போடுவது என்று அரிசிக்குச் செய்யும் நான்கும் மால்ட்டுக்குத் தப்பு. நெல் 12 முதல் 14 சதவீத ஈரத்தோடு மூட்டைக்குப் போகிறது. அது உயிருள்ள விதை. மூச்சு விடும், அந்த வெக்கை வெளியேற வழி வேண்டும். மால்ட் என்பது பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூளையில் சூடான காற்றைச் செலுத்தி 4, 5 சதவீத ஈரம் வரை உலர்த்தியது. முளை அங்கேயே செத்துவிட்டது. அதற்குக் காற்றோட்டத்தால் ஒரு நன்மையும் இல்லை. வீட்டுக் காற்று ஏறக்குறைய எப்போதும் அதைவிட ஈரமாகத்தான் இருக்கும். திறந்து வைத்தால் மால்ட் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இறுக்கி மூடுவதுதான் வேலை. வாளி, மூடி, இடம் என்று கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

இது வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்போருக்கு. பிரிட்டனில் 1963 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயதுவந்தோர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். மாநில விதிகள் தனி. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை.

எவ்வளவு வாங்குவது

20 லிட்டர் பீர், 5 சதவீத ஆல்கஹால் என்றால் நாலரை முதல் 5 கிலோ மால்ட் பிடிக்கும். 25 கிலோ மூட்டை ஐந்து காய்ச்சலுக்கு வரும். மாதம் ஒருமுறை காய்ச்சுபவருக்கு ஒரு மூட்டை ஐந்து மாதம். அரைக்காத மால்ட் நல்ல டப்பாவில் ஓராண்டு தாராளமாக நிற்கும்; அதனால் ஒரு நேரத்தில் இரண்டு மூட்டைக்கு மேல் வாங்குவதில் அர்த்தமில்லை. விலை குறைவு என்று மூன்றாவது மூட்டையைத் தூக்கி வருபவர்கள் கடைசியில் நமத்த மால்ட்டில் காய்ச்சுகிறார்கள்.

மூட்டையாக வாங்க வேண்டியது பேஸ் மால்ட், அதாவது காய்ச்சலின் பெரும்பகுதியாகப் போகும் அடிப்படை மால்ட் மட்டும்: பேல் ஏல், மாரிஸ் ஆட்டர், பில்ஸ்னர், இரண்டு வரிசை பார்லி போன்றவை. நிறத்துக்கும் சுவைக்கும் சேர்க்கும் கிரிஸ்டல், சாக்லெட், வறுத்த பார்லி எல்லாம் ஒரு காய்ச்சலுக்கு 200 முதல் 500 கிராம்தான் போகும். அவற்றில் 25 கிலோ வாங்கினால் தீர்வதற்கு ஐந்தாண்டுகூட ஆகலாம். அரை கிலோ, ஒரு கிலோவாக வாங்குங்கள். ஓட்ஸ் அவலையும் கொஞ்சமாகவே வாங்குங்கள். ஓட்ஸில் கொழுப்பு மற்றத் தானியங்களைவிட அதிகம். ஆறு மாதத்துக்கு மேல் வைத்தால் காறல் வாடை வந்துவிடும்.

கிளப்பாகச் சேர்ந்து ஒரு பேலட் (அடிப்பலகை) நிறைய மூட்டைகளை இறக்கிப் பிரித்துக்கொள்வது பல ஊர்களில் நடக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முழு மூட்டையைக் கட்டோடு எடுத்துக்கொள்பவருக்குக் கவலையில்லை. பாதி மூட்டை, கால் மூட்டை பிரிப்பவர்கள் மழைநாளில் திறந்த கராஜில் நின்று அள்ளி நிறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. மூடியோடு வாளியைக் கொண்டுபோய், அள்ளியதும் அங்கேயே மூடுங்கள்.

மூட்டை கைக்கு வந்ததும்

முதலில் மூட்டையில் அச்சிட்ட லாட் எண்ணையும் தேதியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மால்ட் ஆலைகள் லாட்வாரியாகப் பரிசோதனை அறிக்கை தருகின்றன. ஈரம், கிடைக்கும் சாற்றின் அளவு, நிறம், நொதிவலிமை (மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் திறன்) எல்லாம் அதில் இருக்கும். பின்னால் எதுவும் சரியில்லை என்றால், தொடக்கத்தில் ஈரம் 4.2 இருந்ததா 5.5 இருந்ததா என்று தெரிவது உதவும்.

தையல் நூலை ஒரு முனையில் வெட்டி இழுத்தால் சரசரவென்று அவிழும். வராவிட்டால் மறுமுனையில் முயலுங்கள். சாக்கைக் கத்தியால் கிழித்தால் இழைத்துணுக்குகள் தானியத்தில் கலந்து அரவை உருளையில் சிக்கும்.

திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பிஸ்கட், காய்ந்த வைக்கோல், கொஞ்சம் தேன் போன்ற வாசனை வர வேண்டும். மக்கிய வாடை, புளித்த வாடை, மண்ணெண்ணெய் போன்ற வாடை எதுவந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஒரு கோப்பை மால்ட்டை வெள்ளைத் தட்டில் பரப்பி பத்து நிமிடம் விட்டால், ஊர்வது ஏதாவது இருந்தால் ஓரத்துக்கு வரும். நூல்வலை போல இரண்டு மூன்று மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்துப்பூச்சி இருக்கிறது. பருப்பைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளும் சோதனை இங்கே செல்லாது. நன்றாக முளைகட்டிய மால்ட் இயல்பாகவே மிதக்கும்.

டப்பா

முழு மால்ட் ஒரு லிட்டருக்கு 500 முதல் 600 கிராம் வரை பிடிக்கும். 25 கிலோவுக்குக் குறைந்தது 45, 50 லிட்டர் இடம் தேவை என்று கணக்கு. அமெரிக்க 5 கேலன் வாளி 18.9 லிட்டர், விளிம்புவரை நிரப்பினால் 10 கிலோ, ஆகவே மூட்டைக்கு மூன்று வாளி. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் எளிதாகக் கிடைக்கும் 60 லிட்டர் நீல டிரம்மில், இரும்புப் பட்டை போட்டுப் பூட்டும் வகையில், ஒரு மூட்டை முழுதும் போய் மேலே இடமும் இருக்கும். நாய்த்தீவனம் வைக்கும் திருகுமூடிப் பெட்டிகளும் நல்லவை. 25 கிலோ அளவிலேயே வருகின்றன.

மூன்று சிறிய வாளி மேலா, ஒரு பெரிய டிரம் மேலா என்றால் வாளிதான். 10 கிலோவைத் தூக்கலாம், ஃப்ரீசரில் நுழைக்கலாம், ஒன்றில் வண்டு விழுந்தால் மற்ற இரண்டும் பிழைக்கும்.

வாளியைவிட மூடி முக்கியம். பெயின்ட் வாளியின் அழுத்துமூடி முதல்முறை நன்றாக அடைக்கும். பத்துமுறை நெம்பித் திறந்தபின் விளிம்பு வளைந்துவிடும். வாளி விளிம்பில் ஒரு வளையத்தை அடித்து இறக்கி, அதில் ரப்பர் வாஷரோடு திருகும் காமா மூடிகள் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கின்றன. 12 அங்குல விட்டமுள்ள வாளிகளுக்கு, அதாவது மூன்றரை முதல் 7 கேலன் வரை, ஒரே அளவு பொருந்தும். வளையத்தை ரப்பர் சுத்தியால் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டி இறக்குங்கள். சுற்றி வந்து தட்டினால் ஒருபக்கம் ஏறிக்கொள்ளும்.

அடியில் 2 என்று முக்கோணக் குறி இருந்தால் அது எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் வகை என்பது மட்டும் தெரியும், உணவுக்கானது என்று பொருளில்லை. உணவுப் பொருள் வந்த வாளி என்று தெரிந்தால் எடுங்கள். ஆனால் ஊறுகாய் வந்த வாளியைத் தொடாதீர்கள். அந்த வாடை பிளாஸ்டிக்கில் ஊறியது, கழுவினால் போகாது, மால்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போடக் கூடாது என்பதும் இதனால்தான். அரிசியைக் களைந்து கொதிக்கவைக்கிறோம். மால்ட்டை அப்படியே ஊறவைத்துச் சாறு எடுக்கிறோம், போட்டதெல்லாம் பீரில் இறங்கும். புகையூட்டிய மால்ட்டுக்கும் தனி டப்பா வேண்டும். பக்கத்தில் இருப்பதற்குப் புகை ஏறும், அதுவோ புகையை இழக்கும்.

எலி வரும் இடமானால் பிளாஸ்டிக் போதாது. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியில் நுழையும், டிரம்மின் விளிம்பைக் கடித்தே ஓட்டை போடும். துத்தநாகம் பூசிய இரும்புக் குப்பைத்தொட்டி, 75 லிட்டர் அளவு, இதற்குச் சரி. அதன் மூடி காற்று புகாததல்ல. உள்ளே தடித்த பாலித்தீன் பை வைத்து, அதன் வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

அடிக்கடி திறந்தால் ஈரம் ஏறாதா?

இந்தப் பயம் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டால் தீரும். பாதி வாளியில் இருக்கும் 5 கிலோ மால்ட்டின் ஈரம் 4 சதவீதத்திலிருந்து 5 ஆக, சுமார் 50 கிராம் தண்ணீர் வேண்டும். சென்னை போன்ற புழுக்கத்தில், 30 டிகிரி, 80 சதவீத ஈரக் காற்றில்கூட ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீர்தான் இருக்கிறது. பாதி காலியான வாளியில் நுழையும் 10 லிட்டர் காற்றில் கால் கிராம். இருநூறு முறை திறந்து மூடினால்தான் ஒரு சதவீதம் ஏறும்.

ஆகவே திறப்பதால் கெடுவதில்லை, சரியாக மூடாததால்தான் கெடும். வாஷரில் ஒட்டிய ஒரு மணி, வெடித்த விளிம்பு, மடித்து மட்டும் வைத்த சாக்கு, இவற்றின் வழியாக இரவும் பகலும் காற்று மாறிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொருமுறையும் மூடுமுன் வாஷரையும் திருகுவரியையும் துணியால் துடைத்துவிடுங்கள்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் வேலையும் இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். 50 கிராம் ஜெல் பத்துப் பன்னிரண்டு கிராம் தண்ணீர் குடிக்கும். ஒழுகும் வாளியை அது காப்பாற்றாது, நன்றாக அடைத்த வாளிக்கு அது தேவையில்லை. அதே காசுக்குச் சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள். முதல் வாரம் என்ன காட்டுகிறதோ எழுதிவையுங்கள். மாதங்கள் போனபின் பத்துப் புள்ளி ஏறியிருந்தால் மூடி ஒழுகுகிறது.

ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலம், மைலார் பை (காற்றுப் புகாத பளபளப்பான பிளாஸ்டிக் பை) என்பதெல்லாம் பஞ்சகாலச் சேமிப்புக்கானவை. ஓராண்டுக்குள் தீரும் மால்ட்டுக்கு வேண்டாம். இரும்புத்தூள் உறிஞ்சி வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும் என்பதால், அதையும் சிலிக்கா ஜெல்லையும் ஒன்றாகப் போடுவது ஒன்றை வைத்து மற்றதைக் கெடுப்பது. கிரிஸ்டல், சாக்லெட் மால்ட்டை அரை அரை கிலோவாக வெற்றிடப் பையில் அடைப்பது மட்டும் உருப்படியான பழக்கம். உமியின் கூர்முனை பையைக் குத்தும்; அடுத்தநாள் பை தொளதொளத்திருந்தால் ஓட்டை விழுந்திருக்கிறது. மால்ட்டைக் காகிதப் பையில் போட்டு அதை வெற்றிடப் பைக்குள் வைத்தால் குத்தாது.

வண்டு

கூன்வண்டு, அதாவது மூக்கு நீண்ட அரிசி வண்டு, மணிக்குள் துளையிட்டு முட்டை வைத்து வாயை அடைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சூடான இடத்தில் ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் புது வண்டு ஓட்டை போட்டு வெளிவரும். ஆனால் ஈரம் 9 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பெருகத் திணறும். காய்ந்த மால்ட்டில் கூன்வண்டு பெருகுகிறது என்றால் மால்ட் காய்ந்ததாக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிவப்பு மாவு வண்டும் ரம்பப்பல் வண்டும் வேறு ரகம். அவை வறட்சியைத் தாங்கும். முழுமணியைவிட உடைந்த மணியும் தூசியும்தான் அவற்றுக்குத் தீனி. வாளி அடியில் தங்கும் மாவு, அரவை எந்திரத்தின் இடுக்கு, தரையில் சிந்தியது, இங்கேதான் அவை குடியிருக்கும். ஒரு வாளி தீர்ந்ததும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, உலர்ந்த துணியால் துடைத்தபின்தான் அடுத்ததை நிரப்ப வேண்டும். கழுவினால் ஒருநாள் முழுதும் மூடியில்லாமல் கவிழ்த்து உலரவிடுங்கள். பழைய மால்ட்டின் மேலேயே புதியதைக் கொட்டும் வழக்கம் வேண்டாம். அடியில் இருப்பது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

சந்தேகம் வந்தால் ஃப்ரீசர். மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். தானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. 10 கிலோ வாளியின் நடுப்பகுதி குளிரவே நாளாகும், அதனால்தான் ஒரு வாரம். 3, 4 கிலோப் பொதிகளாகப் பிரித்தால் நாலைந்து நாள் போதும். இதில் பலர் செய்யும் தவறு, வெளியே எடுத்ததும் திறப்பது. குளிர்ந்த தானியத்தின் மேல் அறைக் காற்று வேர்த்துவிடும். மூடியபடியே ஒருநாள் முழுதும் அறைவெப்பத்துக்கு வரவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் வாளியின் அடிவரை குழாயை விட்டு மெதுவாக வாயுவை நிரப்பி மூடுவதுண்டு. வண்டு மூச்சடைத்துச் சாகும், ஆனால் ஒன்றிரண்டு வாரம் வாயு வெளியேறாமல் நிற்க வேண்டும். உலர்பனிக்கட்டி போடுவதானால் 5 கேலன் வாளிக்கு 60 கிராம் போதும். அது முழுதும் ஆவியாகும்வரை மூடியை இறுக்கக் கூடாது. இறுக்கினால் வாளி வெடிக்கும். இரண்டையும் கதவு ஜன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள்.

எங்கே வைப்பது

10 முதல் 15 டிகிரி உள்ள உலர்ந்த அறை கிடைத்தால் பாக்கியம். அந்தக் குளிரில் பூச்சி பெருகாது. 20, 22 டிகிரி இருக்கும் வீட்டு அலமாரியும் போதும். கராஜும் தோட்டத்துக் கொட்டகையும் மோசம். டெக்சாஸ் கோடையில் கராஜ் 40ஐத் தாண்டும், இரவில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் வாளியின் சூடான பக்கத்திலிருந்து ஈரம் கிளம்பி குளிர்ந்த மூடியடியில் சேரும். டொரண்டோ போன்ற ஊர்களின் நிலவறை குளிர்ச்சிதான். கோடையில் அங்கே ஈரம் அதிகம், ஈரநீக்கியை 50 சதவீதத்தில் ஓடவிடுங்கள். சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சோப்புத்தூள், பெட்ரோல், பெயின்ட் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

நொதிக்கும் பாத்திரம் இருக்கும் அறையிலும் மால்ட்டை வைக்காதீர்கள், அங்கே அரைக்கவும் கூடாது. மால்ட்டின் உமியிலும் தூசியிலும் லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியா நிறைய உண்டு. கொதித்து ஆறிய சாற்றில் அது விழுந்தால் பீர் புளிக்கும்.

அரைத்த மால்ட்

அரைத்ததும் கதை மாறிவிடும். உமி என்ற காப்பு போய், மாவு காற்றில் நேராக நிற்கிறது. ஈரம் ஏறும், கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பழைய அட்டைப்பெட்டிச் சுவையாகும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சுவது நல்லது. நன்றாக அடைத்துக் குளிராக வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். மூட்டை வாங்குமுன் அரவை எந்திரம் வாங்க வேண்டும். கடையில் 25 கிலோவையும் அரைத்து வாங்கி வருவது காசைக் கொட்டுவது.

நமத்ததா என்று பார்ப்பது

இரண்டு மணியை முன்பல்லில் கடியுங்கள். படக்கென்று உடைந்து மாவாக வேண்டும். நமத்த அப்பளம் போல வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது. அரவையிலும் தெரியும்: காய்ந்த மணி நொறுங்கும், ஈரமணி உருளைக்கிடையில் தட்டையாகி வெளிவரும், உள்ளிருக்கும் மாவு திறக்காது.

அளவாகவே தெரிய வேண்டுமானால் 50 கிராம் மால்ட்டைக் கரகரப்பாக அரைத்து, உலர்ந்த தட்டில் பரப்பி, 105 டிகிரி ஓவனில் மூன்று மணிநேரம் வைத்து, எடுத்த சூட்டோடு நிறுங்கள். 47.7 கிராம் வந்தால் ஈரம் 4.6 சதவீதம். தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும். வீட்டு ஓவனில் அரை சதவீதம் முன்பின் இருக்கும். ஐந்தா ஒன்பதா என்று தெரிய அது போதும்.

ஈரம் ஒன்பது சதவீதத்துக்கு ஏறினால் என்ன நடக்கும்? 4 சதவீத ஈரத்தில் 5 கிலோ மால்ட்டில் 4.8 கிலோ சரக்கு. 9 சதவீதத்தில் 4.55 கிலோ. தராசில் தண்ணீரை நிறுக்கிறீர்கள். அடர்த்தி (தண்ணீர் 1.000 என்ற கணக்கில்) 1.050 வரவேண்டிய சாறு 1.047ஐ ஒட்டி நிற்கும், அரவை கெட்டால் இன்னும் குறையும். அரவை, தண்ணீர், வெப்பநிலை என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பவர்கள் மால்ட்டின் ஈரத்தை மட்டும் பார்ப்பதில்லை.

வாடை நன்றாக இருந்து, நமத்தது மட்டும் என்றால் மீட்கலாம். ஓவனை 50 டிகிரிக்கு மேல் ஏற்றாமல், தட்டில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, கதவைச் சற்றே திறந்துவைத்து, அரைமணிக்கொருமுறை கிளறுங்கள். கடித்தால் படக்கென்று உடையும்வரை. சூடு கூடினால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் குறையும், நிறமும் ஏறும். ஆறியதும் உடனே மூடுங்கள். வெயிலில் உலர்த்துவதானால் காற்று நன்றாகக் காய்ந்த ஊராக இருக்க வேண்டும். கடலோர ஊரில் வெயிலில் போட்டால் எடுக்கும்போது ஈரம் கூடியிருக்கலாம்.

மக்கிய வாடை, பச்சை, கறுப்பு அல்லது ரோஸ் நிறப் பூசணம் தெரிந்தால் மீட்கும் பேச்சே இல்லை. பூசணத்தின் நஞ்சு கொதியில் அழியாது. சில பூசணத்தால் பாட்டிலைத் திறந்ததும் பீர் முழுதும் நுரைத்துப் பொங்கியும் போகும். கோழிக்கும் போடாதீர்கள், உரக்குழியில் கொட்டுங்கள். வண்டு நாலைந்துதான், மணிகள் முழுசாக இருக்கின்றன என்றால் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, சலித்து, அந்த மாதமே காய்ச்சிவிடலாம். கையில் அள்ளினால் உளுத்து இலேசாக, உள்ளங்கையில் மாவு ஒட்டினால் அதுவும் உரக்குழிக்குத்தான்.